அரிவாளையும் நாமே பார்த்து வாங்குவோம்



மிக்ஸி வாங்க வேண்டுமென்றால் நாலு கடை ஏறி இறங்குகிறோம். பட்டுப்புடவை என்றால் ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். கால் கிலோ கத்திரிக்காய் கூட காம்பைப் பார்த்து, அமுக்கிப் பார்த்த பிறகுதான் நம் பைக்குள் விழுகிறது. ஆனால் வீட்டைச் சுற்றி மண்டிக் கிடக்கும் முள்ளையும் புதரையும் வெட்டுவதற்கு எடுக்கிறோமே, அந்த அரிவாளை நம்மில் எத்தனை பேர் கடைக்குப் போய், கையில் பிடித்துப் பார்த்து வாங்கியிருக்கிறோம்? 'அருவாளா? அது ஆம்பளைங்க சமாச்சாரமாச்சே' என்று சிரிக்காதீர்கள். நானும் அப்படிச் சிரித்தவள்தான். ஒரு நாள் காலையில் நடந்த சம்பவம் என் சிரிப்பை நிறுத்திவிட்டது.

எங்கள் வீடு ஊர்க் கடைசியில் இருக்கிறது. பின்பக்கம் யாருக்கோ சொந்தமான காலி மனை. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எங்கள் பக்கம் காலி மனை என்றாலே சீமைக்கருவேல்தான். ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் முள் எங்கள் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, குளியலறை ஜன்னலைத் தொட்டுக்கொண்டு நின்றது. கீழே எருக்கும், உண்ணிச்செடியும், பார்த்தீனியமும் பின்னிக்கொண்டு கிடந்தன. ஒரு நாள் ராத்திரி துணி துவைக்கிற கல் அருகே ஒரு கட்டுவிரியன்! தெருவே கூடி விட்டது. அது மறுபடியும் புதருக்குள் போய்விட்டது. நாங்கள்தான் விடிய விடியத் தூங்கவில்லை.

என் கணவருக்கு வெளியூரில் வேலை. மாதம் ஒரு தடவைதான் வருவார். கூலிக்கு ஆள் தேடினேன். 'இன்னிக்கு வரேன், நாளைக்கு வரேன்' என்று இழுத்தடித்தார்களே தவிர வரவில்லை. பத்து நாள் பார்த்தேன். இனிப் பொறுக்க முடியாது என்று, பரணில் இருந்த என் மாமனாரின் அரிவாளை எடுத்தேன். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நல்ல கனமான பழைய அரிவாள். இரண்டு கையாலும் பிடித்து ஓங்கித்தான் வெட்ட முடிந்தது. பத்துப் பன்னிரண்டு வெட்டு வெட்டியிருப்பேன். அடுத்த வெட்டுக்கு ஓங்கினபோது கையில் வெறும் பிடி மட்டும் இருந்தது. அலகு கழன்று என் தலைக்கு மேலாகப் பறந்து, பின்வாசல் படியில் 'ணங்' என்று விழுந்தது. அந்தப் படியில்தான் என் சின்ன மகள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலுக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு சாணை நினைத்தால் இப்போதும் என் வயிறு கலங்குகிறது.

என் மாமியார் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டித் தீர்த்தார். 'உனக்கு எதுக்குத்தா இந்த ஆம்பளை வேலை?' என்றார். எனக்கும் கோபம். 'அத்தே, தேங்காய் உடைக்கிறது யாரு? விறகு பிளக்கிறது யாரு? வாழை மரம் சாய்ச்சா வெட்டி அள்ளுறது யாரு? இத்தனை வருஷமா இந்த அருவாளை வச்சு வெட்டினது நீங்கதானே? வாங்குறதுதான் ஆம்பளை வேலையா இருந்துச்சு, வெட்டுறது எப்பவும் நம்ம வேலைதான்' என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அந்த மணிக்கட்டு வலி அவருக்கு இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. அதற்கு நாங்கள் தடவாத தைலம் இல்லை. இன்னொருவர் கைக்குச் செய்த அரிவாளைப் பாதி ஆயுள் தூக்கியதற்கும் அந்த வலிக்கும் சம்பந்தம் இருக்கலாமே என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

இதுதான் தோழியரே, நான் சொல்ல வந்த விஷயம். வீட்டில் அரிவாளைப் பிடிக்கப் போவது நாம் என்றால், அதை நம் கைக்கு அளவு பார்த்து நாமே வாங்க வேண்டும். அப்பா விட்டுப் போனது, மாமனார் வைத்திருந்தது, வீட்டுக்காரர் எங்கேயோ பஸ்ஸை விட்டு இறங்கி வாங்கி வந்தது என்று கிடைத்ததைத் தூக்கக் கூடாது. அளவு தப்பிய செருப்பு காலைக் கடிக்கும், அவ்வளவுதான். அளவு தப்பிய அரிவாள் உயிரையே கேட்கும்.

'இந்தக் காலத்தில் புதர் வெட்ட மெஷின் வந்தாச்சே' என்று சிலர் சொல்லலாம். பெட்ரோல் மெஷின் திறந்த வெளிக்கு நல்லதுதான். ஆனால் சுவர் ஓரம், கல் கிடக்கிற இடம் என்றால் கல் தெறித்து ஆளையே பதம் பார்த்துவிடும். விரல் பருமனுக்கு மேல் முற்றிய முள் தூரில் அதன் நைலான் கயிறு வேலைக்கு ஆகாது. களைக்கொல்லி மருந்து அடித்தாலும் செடி காயுமே தவிர, காய்ந்த புதர் அப்படியே நிற்கும். பாம்புக்கு அதுவும் வீடுதான். பக்கத்தில் கிணறு இருந்தால் மருந்தைப் பற்றி நினைக்கவே கூடாது. சுற்றிச் சுற்றி வந்தாலும் வீட்டு ஓரத்துப் புதருக்கு அரிவாள்தான்.

அடுத்த வாரமே திருப்பாச்சேத்திக்குப் பஸ் ஏறினேன். மதுரையிலிருந்து மானாமதுரை போகிற சாலையில் உள்ள ஊர். அரிவாளுக்குப் பேர் போனது. சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே வெட்டுக் குத்துதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அந்த உலைகளில் வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வேண்டிய சாமான்கள்தான் காலங்காலமாக ஆகிவருகின்றன. பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். 'யாருக்கும்மா அருவா? வீட்டுக்காரர் வரலியா?' என்று கேட்டார். 'எனக்குத்தாங்கய்யா. என் கைக்குப் பாத்துக் குடுங்க' என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு 'கையை விரி தாயி' என்றார். தையற்காரர் அளவு எடுப்பதுபோல என் உள்ளங்கையை அளந்தார். 'பொம்பளைங்க வருவாங்க, வீட்டுக்காரரு சொன்ன கணக்கைச் சொல்லி வாங்கிட்டுப் போவாங்க. தன் கைக்கு அளவு கேட்டது நீதான் தாயி' என்றார். அவர் சொல்லித் தந்ததையும், இந்த ஒரு வருஷத்தில் நானே வெட்டிப் பழகிக் கற்றதையும் கீழே தருகிறேன்.

முதலில், எதை வெட்டப் போகிறோம் என்று பாருங்கள். புல்லும் கோரையும் அறுக்கக் கருக்கு வைத்த பண்ணரிவாள் போதும். முள்ளும் புதரும் வெட்ட வெட்டரிவாள் வேண்டும். உயரத்துக் கிளைக்கு நீளக் கம்பில் கட்டிய தொரட்டிதான். கதிர் அறுக்கிற அரிவாளால் கருவேலை வெட்டினால் அரிவாள் வளையும். ஸ்டூலில் ஏறி நின்று வெட்டரிவாளை வீசினால் ஆளே விழுவோம்.

இரண்டாவது, கனம். 'கனமா இருந்தாத்தான் நல்லா வெட்டும்' என்பது பாதி உண்மை. ரொம்ப லேசாக இருந்தால் முற்றின தூரில் பட்டுத் துள்ளும். ரொம்பக் கனமாக இருந்தால் பத்து வெட்டில் கை ஓய்ந்து, பதினோராவது வெட்டு குறி தவறும். அரிவாளைப் பிடித்துக் கையை நேராக நீட்டி, மனதுக்குள் முப்பது எண்ணுங்கள். அதற்குள் மணிக்கட்டு தொய்ந்து நுனி சாய்ந்தால் அது உங்கள் அரிவாள் இல்லை. என் கைக்கு முக்கால் கிலோ சரியாக இருந்தது. உங்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். நீளம், பிடியோடு சேர்த்து ஒரு முழம் போதும். அதுவும் உங்கள் கை முழம்.

மூன்றாவது, இரும்பு. பட்டறை அரிவாள் பெரும்பாலும் பழைய லாரி வில் பட்டையைக் காய்ச்சி அடித்துச் செய்வது. முதுகு தடிப்பாகத் தொடங்கி வாய் வரைக்கும் படிப்படியாக மெலிந்து வரும். சந்தையில் பளபளவென்று தொங்குகிற சிலவற்றைப் பாருங்கள். வெறும் தகட்டை வெட்டி, ஓரத்தை மட்டும் தேய்த்திருப்பார்கள். முதுகும் நடுப்பகுதியும் ஒரே தடிப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். விரலால் தொங்கவிட்டு, சின்ன இரும்பால் தட்டிப் பாருங்கள். மண்பானையைத் தட்டிப் பார்க்கிற நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 'ணங்' என்று கேட்டால் சரி. 'டொக்' என்றால் உள்ளே எங்கேயோ விரிசல் இருக்கலாம்.

நான்காவது, பதம். காய்ச்சின இரும்பைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கிப் பதம் ஏற்றுகிறார்கள். பதம் குறைந்தால் வாய் மடங்கும். மிஞ்சினால் வாய் பொரிந்து உதிரும். நம் வீட்டுப் பாகுப் பதம் மாதிரிதான், ஒரு நிமிஷம் தப்பினாலும் போச்சு. கடையிலேயே ஒரு காய்ந்த கருவேலங்குச்சியைக் கேட்டு வாங்கி நாலு வெட்டு வெட்டுங்கள். பிறகு வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடங்கியோ பல் விழுந்தோ இருந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். நல்ல பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐந்தாவது, மூக்கு. புதர் வெட்டுகிற அரிவாளுக்கு நுனி கொஞ்சம் வளைந்திருக்க வேண்டும். வெட்டின முள்கிளையைக் கையால் தொடாமல் இழுத்துப் போட அந்த மூக்குதான் உதவும். வாய் நேராகத் தரையில் மோதாமலும் காப்பாற்றும். ஆனால் கொக்கி மாதிரி அதிகம் வளைந்தால் செடியில் மாட்டிக்கொண்டு, இழுக்கிற வேகத்தில் நம் பக்கமே திரும்பும்.

ஆறாவது, பிடி. இதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். என் மகளின் கால் தப்பியது தெய்வாதீனம் என்றால், அதற்குக் காரணம் இந்தப் பிடிதானே! பிடியைப் பற்றும்போது விரல் நுனிகள் உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். தொடாமல் நின்றால் பிடி பருமன் அதிகம். நகம் அழுந்தினால் குறைவு. கடைசியில் குமிழ் போலப் பருத்திருந்தால் வியர்வையில் கை வழுக்காது. அலகின் காம்பு பிடியை ஊடுருவி வந்து, முனையில் மடக்கி அடித்திருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தில் இரும்புப் பூண் இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பாருங்கள். எனக்குப் புளியமரக் கட்டையில் போட்டுத் தந்தார். இரும்புக் குழாய்ப் பிடி வெயிலில் சுடும், வியர்வையில் வழுக்கும். வாங்கின பிறகும் ஒவ்வொரு தடவையும் வெட்டத் தொடங்குமுன் பிடியை ஆட்டிப் பார்ப்பதை, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கிற மாதிரி பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் பெரியவர் ஒரு நோட்டை நீட்டினார். அரிவாள், கத்தி வாங்குகிறவர்களின் பெயர், விலாசம், எதற்காக வாங்குகிறார்கள் என்பதை எல்லாம் எழுதி வைக்கும்படி 2021-ல் தமிழ்நாடு போலீசார் பட்டறைக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் சொன்னார்கள். அந்த நோட்டில் என் பெயரை எழுதி, 'வீட்டைச் சுற்றிப் புதர் வெட்ட' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நாலு பேர் தப்புக் காரியத்துக்குத் தூக்குகிறார்கள் என்பதற்காக, நம் வீட்டுச் சாமானை நாம் வாங்கக் கூசலாமா? சாக்கில் நன்றாகச் சுற்றிப் பைக்குள் வைத்து, பஸ்ஸில் பத்திரமாகக் கொண்டுவந்தேன்.

நல்ல அரிவாள் வந்துவிட்டால் மட்டும் போதாது. வெட்டுகிற முறையும் வேண்டும். பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். புடவையோடு இறங்காதீர்கள். முந்தானை முள்ளில் மாட்டினால் கவனம் தப்பும். வீட்டுக்காரரின் பழைய பேன்ட், முழுக்கைச் சட்டை, மூடின ஷூ போட்டுக்கொள்ளுங்கள். யார் சிரித்தால் என்ன? முதலில் நீளக் கம்பால் புதரைத் தட்டி, தரையையும் தட்டிச் சத்தம் கொடுங்கள். உள்ளே இருக்கிற ஜீவன் வெளியேற வழி விடுங்கள். குளவிக் கூடு இருக்கிறதா என்று மேலேயும் பாருங்கள். வெட்டுகிற கிளையை இடது கையால் பிடிக்காமல் ஒரு கவைக்கம்பால் தள்ளிப் பிடியுங்கள். வெட்டு எப்போதும் சாய்வாக, காலுக்கு வெளிப்பக்கமாகப் போகட்டும். கை ஓய்ந்தால் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை நாளைக்கு வெட்டலாம். பொழுது சாய்ந்தபின் வேண்டவே வேண்டாம்.

பார்த்தீனியத்தை அரிவாளால் வெட்டாதீர்கள். தோலில் பட்டால் அரிப்பு, அதன் மகரந்தத்தால் சிலருக்கு மூச்சிரைப்பு. பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். கள்ளியை வெட்டும்போது பால் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீமைக்கருவேலை வெட்டிவிட்டோம் என்று கையைத் தட்டிவிட்டுப் போனால், அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாய்த் துளிர்க்கும். மண்ணைத் தோண்டி, தரைக்குக் கீழே அரை அடியாவது வேர்க்கட்டையை எடுக்க வேண்டும். அதற்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். அரிவாளை மண்ணில் இறக்கி வாயைக் கெடுக்காதீர்கள். முள் ஆழமாகக் குத்தினால் அலட்சியம் செய்யாமல் டி.டி. ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

என்னதான் கவனமாக இருந்தாலும் பாம்பு கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள். கட்டுவிரியன் கடி பல சமயம் வலிக்கவே வலிக்காது. 'வலி இல்லையே' என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

வேலை முடிந்ததும் அரிவாளைத் துடைத்து, துளி எண்ணெய் தடவுங்கள். பழைய சைக்கிள் டியூபைக் கீறி வாய்க்கு உறை மாட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மழுங்கினால் வீட்டிலேயே தண்ணீர் தெளித்துக் கல்லில் தீட்டுங்கள். மெஷின் சக்கரத்தில் தீப்பொறி பறக்கத் தேய்த்து இரும்பு நீலம் பாரித்துவிட்டால் பதம் போய்விடும் என்று பெரியவர் எச்சரித்தார். பல் விழுந்தால் மறுபடி உலைக்கே கொண்டுபோய்த் தட்டி வாங்குங்கள்.

அன்றைக்குச் சந்தையில் தகட்டு அரிவாள் 250 ரூபாய்க்குக் கிடைத்தது. நான் பட்டறையில் 700 கொடுத்தேன். 'ஒரு அருவாளுக்கு இவ்வளவா?' என்று என் கணவர் போனில் கேட்டார். 'படியில விழுந்த அலகுக்கு எவ்வளவு குடுத்திருப்பீங்க?' என்றேன். அதன் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

புது அரிவாளால் தினம் காலையில் ஒரு மணி நேரம் வெட்டி, ஒன்பது நாளில் சுவரைச் சுற்றிப் பத்தடிக்குச் சுத்தம் செய்துவிட்டேன். காலி மனைக்காரருக்கும் தகவல் சொன்னேன். 'செய்யுங்கம்மா, நல்லதாப் போச்சு' என்றார். கடைசி நாள் நான் கை கழுவும்போது மாமியார் அந்த அரிவாளை எடுத்துப் பிடித்துப் பார்த்தார். கையை நீட்டினார், மெதுவாக இரண்டு தடவை வீசினார். 'இம்புட்டு லேசாவா இருக்கும் அருவா?' என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, 'எனக்கும் ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்கலாமேத்தா' என்றார். அவருக்கு வயது எழுபத்தொன்று. இத்தனை வருஷத்தில் 'உன் கைக்கு இது சரியா?' என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. நானும்தான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அவரையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகிறேன். அளவு கொடுக்க வேண்டியது அவர் கை அல்லவா?

உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிற அரிவாளின் பிடியையும் இன்றைக்கே ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள் தோழியரே.

- ஒரு வாசகி, மானாமதுரை